பெருவீதியும் பாடசாலைக் குழந்தையும்

கண்டி நகரிலிருந்து புறப்பட்டுப் பேராதனை, கம்பளை ஆகிய ஊர்களைக் கடந்து நுவரெலியாவை நோக்கி ஏறிச் செல்லும் பெருவீதியின் இடைவழியில் அமைந்துள்ள மலையூர் புசல்லாவை. கண்டி மாவட்டம் முடிந்து நுவரெலியா மாவட்டம் தொடங்கும் எல்லைக்கு அணித்தாக இருப்பது. வீதியின் இரு மருங்கிலும் கடைகள், கடைகளுக்குப் பின்னே மலைச்சரிவு, சரிவெங்கும் தேயிலை. சோகமை, டெல்டா, ரொத்சைல்ட், மெல்போட் முதலிய தோட்டங்கள் இவ்வூரைச் சூழ்ந்திருக்கின்றன. அத்தோட்டங்களின் லயங்களிலிருந்து கீழிறங்கும் ஒற்றையடிப் பாதைகள் யாவும் ஈற்றில் வந்து கூடுமிடம் இந்த ஒரே பெருவீதிதான்.

காலை 7:30 மணிக்குப் பாடசாலைகள் தொடங்குகின்றன. அதற்கு ஒரு மணி நேரம் முன்னரே வெள்ளைச் சீருடை அணிந்த பிள்ளைகள் வரிசை வரிசையாகத் தோட்டப் பாதைகளில் இறங்கி வருகின்றனர். பனி இன்னும் கலைந்திராது. அதே வேளையில் நுவரெலியாவிலிருந்து மரக்கறி ஏற்றிய லொறிகள் கீழ்நோக்கி வருகின்றன. உல்லாசப் பயணிகளை ஏற்றிய வாகனங்கள் மேல்நோக்கிச் செல்கின்றன. பஸ் வண்டிகள் நின்று நின்று ஆட்களை ஏற்றுகின்றன. குழந்தைகளின் பாதையும் வாகனங்களின் பாதையும் இங்ஙனம் ஒன்றாகிவிடும் ஒரு மணி நேரமே மலைநாட்டுத் தாய்மார் நாள்தோறும் அஞ்சும் நேரமாகும்.

இந்நிலை எவ்வாறு உண்டாயிற்று? இவ்வீதி யாருக்காக வெட்டப்பட்டது? அதில் குழந்தை எப்பொழுது நடக்கத் தொடங்கியது? இவ்வினாக்களுக்கு விடை தேடுமிடத்து, மலையகத்தின் இருநூறு ஆண்டு வரலாறு முழுவதும் கண்முன் விரிவதைக் காணலாம்.

1815-ஆம் ஆண்டில் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமாயிற்று. மலைகளால் சூழப்பட்ட அந்நாட்டை ஆள்வதற்கு வீதிகள் இன்றியமையாதவை என்பதை வந்தவர் விரைவில் உணர்ந்தனர். தேசாதிபதி எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில், 1820-களில், கொழும்பு – கண்டி வீதி அமைக்கப்பட்டது. அப்பணியில் இளைஞராக ஈடுபட்டவரே பிற்காலத்தில் இலங்கையின் வீதிகளுக்கெல்லாம் தந்தை எனப் போற்றப்பட்ட தோமஸ் ஸ்கின்னர். முதலில் படை நடப்பதற்காக வெட்டப்பட்ட வீதிகள், சில ஆண்டுகளுக்குள்ளேயே கோப்பி ஏற்றும் வீதிகளாயின. கம்பளையை அடுத்த சிங்ஹபிட்டியில் ஜோர்ஜ் பேர்ட் என்னும் ஆங்கிலேயர் 1820-களிலேயே கோப்பித் தோட்டம் திறந்தார். அவரைத் தொடர்ந்து பலரும் புசல்லாவை, இறம்பொடை மலைகளை நோக்கிக் காட்டை அழித்துக்கொண்டு முன்னேறினர்.

1841-ஆம் ஆண்டில் கேப்ரியல், மோறிஸ் டி வோர்ம்ஸ் என்னும் சகோதரர் இருவர் புசல்லாவையில் நிலம் பெற்றனர். ஐரோப்பாவின் பெருஞ்செல்வக் குடும்பமாகிய ரொத்சைல்ட் குடும்பத்துக்கு இவர்கள் உறவினர். தம் தோட்டத்துக்கு அக்குடும்பத்தின் பெயரையே இட்டனர். சீனத்திலிருந்து கொணர்ந்த தேயிலைச் செடிகளை அங்கு நட்டும் பார்த்தனர். ஜேம்ஸ் டெய்லர் 1867-இல் லூல்கந்துரையில் வாணிப நோக்குடன் தேயிலை பயிரிடுவதற்குக் கால் நூற்றாண்டு முன்னரே புசல்லாவை மண் தேயிலையைச் சுவைத்துவிட்டது எனலாம்.

கோப்பி மூட்டைகளை ஏற்றிய மாட்டு வண்டிகள் இவ்வீதியில் இறங்கின. அரிசி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு மீண்டும் ஏறின. வீதி பழுதுபட்டால் கோப்பி தாமதமாகும். கோப்பி தாமதமானால் இலண்டன் சந்தையில் நட்டம். ஆகவே வீதியைப் பேணுவது அரசாங்கத்தின் தலையாய கவலையாயிற்று. 1848-ஆம் ஆண்டில் வீதிச் சட்டம் ஒன்று பிறந்தது. 18 முதல் 55 வயது வரையுள்ள ஆடவர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஆறு நாள் வீதியில் வேலை செய்ய வேண்டும். அன்றேல் அதற்கு ஈடாகப் பணம் செலுத்த வேண்டும். அவ்வாண்டு மாத்தளையில் மூண்ட கிளர்ச்சிக்கு இச்சட்டமும் ஒரு காரணமாயிற்று. யாருடைய உடலுழைப்பால் வீதி பேணப்பட்டதோ, அவர்களுடைய வசதிக்காக அது அமைக்கப்படவில்லை என்பதை மக்கள் அன்றே கண்டுகொண்டனர்.

அதே காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர் கதை வேறொரு நடைப்பயணத்தின் கதையாகும். மன்னார்க் கரையில் இறங்கி, காடுகளினூடாக மாத்தளை வரை நடந்து, அங்கிருந்து கண்டிச் சீமையின் தோட்டங்களுக்குப் பிரிந்து சென்றனர். வாந்திபேதியும் காய்ச்சலும் பசியும் வழிநெடுகப் பலரைக் கொண்டுபோயின. குடும்பமாகப் புறப்பட்டுக் குறைந்த தொகையினராய் வந்து சேர்ந்தோர் எத்தனையோ பேர். மலையகத் தமிழ்க் குழந்தை இந்நாட்டின் பாதையில் முதன்முதலாக நடந்தது பாடசாலைக்காக அன்று. பிழைப்புக்காகத் தாயின் கை பற்றி நடந்தது.

1867-இல் கண்டிக்கு இரயில் வந்தது. 1873-இல் கம்பளைக்கும், அடுத்த ஆண்டில் நாவலப்பிட்டிக்கும் அது நீண்டது. அங்கிருந்து இருப்புப்பாதை ஹட்டன் வழியாக மேலேறி 1885-இல் நானுஓயாவை அடைந்தது. இத்திருப்பத்தின் விளைவைப் புசல்லாவை இன்றுவரை அனுபவிக்கின்றது. இரயில் ஒரு பள்ளத்தாக்கின் வழியே சென்றுவிட்டதனால், மற்றப் பள்ளத்தாக்கின் ஓரமாய் ஏறும் வீதியே புசல்லாவை மக்களுக்கு ஒரே வழியாக நின்றுவிட்டது. சரக்கும் அதில்தான், சனமும் அதில்தான். ஹட்டன் பிள்ளைக்கு இரயில் என்ற ஒரு துணை உண்டு. புசல்லாவைப் பிள்ளைக்கு அத்துணை இல்லை.

பாடசாலையின் கதைக்கு இனி வருதல் தகும். தொடக்கத்தில் தோட்டத்துக் குழந்தைக்குப் பாடசாலை என்பதே அரிது. மிஷனரிமார் சிலரும், எழுத்தறிந்த கங்காணிமார் சிலரும் ஆங்காங்கே நடத்திய வகுப்புகளே இருந்தன. 1920-ஆம் ஆண்டின் கல்விச் சட்டமே, தோட்டத்தில் வாழும் 6 முதல் 10 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குக் கல்வி வசதி அளிக்கும் கடமையைத் தோட்ட நிருவாகத்தின்மீது சுமத்தியது. ஒரே அறை, ஒரே ஆசிரியர், ஐந்து வகுப்புகள் என்னும் தோட்டப் பாடசாலைகள் தோன்றின. கல்வியின் தரத்தில் அவை மிகவும் குறைபட்டிருந்தன. ஆயினும் ஒரு நன்மை அவற்றில் இருந்தது. பாடசாலை லயத்துக்கு அருகிலேயே இருந்தது. பெரட்டுக்களத்தில் பேர் கொடுத்துவிட்டுத் தாய் மலைக்குப் போனாலும், பிள்ளை தோட்டப் பாதையிலேயே நடந்து பாடசாலையை அடைந்துவிடும். பெருவீதியை அது மிதிக்க வேண்டிய தேவை இல்லை.

1943-இல் கன்னங்கரா அவர்களின் தலைமையில் அமைந்த குழு தன் அறிக்கையை வெளியிட்டது. 1945-இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. நாடெங்கும் மத்திய கல்லூரிகள் எழுந்தன. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அப்பயன் உடனே கிட்டவில்லை. தோட்டங்கள் 1972-இலும் 1975-இலும் அரசுடைமையாக்கப்பட்ட பின்னரே, 1970-களின் பிற்பகுதியிலிருந்து, தோட்டப் பாடசாலைகள் படிப்படியாக அரசாங்கத்தின் பொறுப்பில் வந்தன. 1980-களில் சுவீடன் நாட்டின் உதவியுடன் கட்டடங்களும் ஆசிரியர் பயிற்சியும் வளர்ந்தன. ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன படிப்பு மேலும் தொடரலாயிற்று. மேல்வகுப்புக்காகத் தோட்டத்தை விட்டு நகரத்துப் பாடசாலைக்கு வரும் பிள்ளைகளின் தொகை ஆண்டுதோறும் பெருகியது. புசல்லாவை நகரின் சரஸ்வதி மத்திய கல்லூரி போன்ற பாடசாலைகளுக்குச் சுற்றுப்புறத் தோட்டங்கள் பலவற்றினின்றும் பிள்ளைகள் வரலாயினர்.

இங்கேதான் வரலாற்றின் இரு இழைகள் ஒன்றையொன்று சந்திக்கின்றன. சரக்குக்காக வெட்டப்பட்ட வீதி ஒன்று. படிப்புக்காகப் புறப்பட்ட குழந்தை மற்றொன்று. கல்வி பெறும் உரிமை விரிந்தபோது, குழந்தை நடக்க வேண்டிய தூரமும் விரிந்தது. தோட்ட எல்லைக்குள் இருந்த குழந்தை பெருவீதிக்கு வந்துவிட்டது. ஆனால் பெருவீதியோ குழந்தையை எதிர்பார்த்து அமைக்கப்பட்டதன்று.

இதற்கிடையில் வீதியில் ஓடுவனவும் மாறிவிட்டன. இருபதாம் நூற்றாண்டின் முதலாண்டுகளில் மோட்டார் வண்டி இலங்கைக்கு வந்து சேர்ந்தது. மணிக்கு மூன்று மைல் நடந்த மாட்டு வண்டியின் வளைவுகளிலே முப்பது மைல் ஓடும் இயந்திரம் புகுந்தது. வண்டி மாறிற்று, வளைவு மாறவில்லை. 1951-ஆம் ஆண்டின் 14-ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் சாரதி அனுமதிப்பத்திரம், வாகனப் பதிவு, வீதி ஒழுங்கு முதலியவற்றை விரிவாக வகுத்தது. பல திருத்தங்களுடன் அச்சட்டமே இன்றும் நடைமுறையில் உள்ளது. தனியார் கம்பனிகள் போட்டியிட்டு ஓட்டிய பஸ் வண்டிகளை 1958 ஜனவரி முதலாம் நாள் அரசாங்கம் பொறுப்பேற்று, இலங்கைப் போக்குவரத்துச் சபையை நிறுவியது. பருவச்சீட்டுப் பெற்ற மாணவன் குறைந்த கட்டணத்தில் பஸ்ஸில் ஏறிப் பாடசாலைக்குச் செல்லும் வழக்கம் பரவிற்று. 1979-இல் தனியார் பஸ்கள் மீண்டும் அனுமதிக்கப்பட்டன. ஒரே தரிப்பிடத்தில் ஒரே பயணிக்காக இரு வண்டிகள் விரைந்து வரும் காட்சி அதன்பின் எங்கும் வழக்கமாயிற்று. பருவச்சீட்டு வைத்திருக்கும் மாணவர் கூட்டத்தைக் கண்டும் நிறுத்தாமற் செல்லும் வண்டிகளைப் பற்றிய முறைப்பாடும் அத்துடன் பிறந்ததே. மாணவருக்கெனத் தனியே பஸ் ஓட்டும் 'சிசு செரிய' திட்டம் 2005-இல் தொடங்கப்பட்டதன் தேவையை இதனால் உணரலாம்.

மோட்டார் வண்டியால் விளைந்த துன்பம் இலங்கைக்கு மாத்திரம் உரியதன்று. இங்கிலாந்தில் 1896-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் இலண்டனில் பிரிட்ஜெட் டிரிஸ்கோல் என்னும் மாது மோட்டார் வண்டியால் மோதுண்டு இறந்தார். அந்நாட்டில் மோட்டார் வண்டியால் மடிந்த முதற் பாதசாரி அவரே. இத்தகைய நிகழ்ச்சி இனி ஒருபோதும் நேராதிருக்கட்டும் என்று மரண விசாரணை அதிகாரி அன்று கூறினார் என்பர். இன்று உலகெங்கும் ஆண்டுதோறும் ஏறத்தாழ 12 இலட்சம் பேர் வீதி விபத்துகளில் மடிகின்றனர். 5 முதல் 29 வயது வரையுள்ளோரின் மரணத்துக்கு முதற் காரணம் நோயன்று, வீதி விபத்தே என்று உலக சுகாதார நிறுவனம் தெரிவிக்கின்றது. பெரியம்மையை ஒழித்த மனித குலம், தன் பிள்ளைகளை வீதியினின்று காக்க இன்னும் முழுமையாகக் கற்றுக்கொள்ளவில்லை.

எனினும் கற்றுக்கொண்ட நாடுகள் உண்டு. அமெரிக்காவில் 1939-ஆம் ஆண்டில் பிராங்க் சைர் என்னும் கல்வியாளர் ஒரு மாநாட்டைக் கூட்டினார். பாடசாலை பஸ் எத்தகைய அமைப்புடையதாக இருக்க வேண்டும் என்று அம்மாநாடு ஆராய்ந்து விதிகளை வகுத்தது. மங்கிய அதிகாலை ஒளியிலும் எளிதிற் புலப்படும் மஞ்சள் நிறத்தை அது தேர்ந்தது அவ்விதிகளுள் ஒன்று. பிரிட்டனில் 1951-இல் வரிக்குதிரைக் கோடிட்ட பாதசாரிக் கடவைகள் வந்தன. 1953-இல் இயற்றப்பட்ட சட்டம் ஒன்று, பாடசாலை வாயிலில் தடி பிடித்து நிற்கும் காவலர் கை காட்டினால் வாகனம் நின்றேயாக வேண்டும் என்று விதித்தது. ஜப்பானில் சிறுபிள்ளைகள் தனித்தனியே செல்வதில்லை. ஒரு தெருவின் பிள்ளைகள் ஒன்றுகூடி, மூத்த வகுப்பு மாணவர் ஒருவர் முன்னே செல்ல, வரிசையாக நடந்து பாடசாலையை அடைகின்றனர்.

நெதர்லாந்து நாட்டின் வரலாறு இன்னும் சிந்திக்கத்தக்கது. 1971-ஆம் ஆண்டில் மட்டும் அச்சிறு நாட்டில் 400-க்கும் மேற்பட்ட குழந்தைகள் வீதியில் உயிரிழந்தனர். பெற்றோர் வீதியில் இறங்கினர். 'குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்' என்பதே அவர்களது இயக்கத்தின் பெயர். விபத்து என்று சொல்லி ஆறுதலடைய அவர்கள் மறுத்துவிட்டனர். குடியிருப்புத் தெருக்களில் வாகனம் நடைவேகத்திலேயே செல்ல வேண்டும் என்னும் விதி 1976-இல் அங்கு சட்டமாயிற்று. சுவீடன் நாட்டுப் பாராளுமன்றம் 1997-இல் ஒரு கொள்கையை ஏற்றது. மனிதன் தவறு செய்வான். அத்தவறுக்கு மரணம் தண்டனையாகாதபடி வீதியை அமைப்பது அரசின் கடமை என்பதே அக்கொள்கையின் சாரம்.

தமிழ்நாட்டுக்கும் இத்துறையில் ஒரு கசப்பான படிப்பினை உண்டு. 2012 ஜூலையில் சென்னைக்கு அணித்தாகத் தாம்பரம் பகுதியில், ஓடிக்கொண்டிருந்த பாடசாலை பஸ்ஸின் தளத்தில் இருந்த ஓட்டையினூடே இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி விழுந்து உயிர்நீத்தாள். சென்னை உயர் நீதிமன்றம் அச்செய்தியைத் தானாகவே கையிலெடுத்து விசாரித்தது. அவ்வாண்டே பாடசாலை பஸ்களுக்கென்று தனி விதிகள் தமிழ்நாட்டில் இயற்றப்பட்டன. பாடசாலை வாகனத்தின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி வேண்டும் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1997-இலேயே கட்டளையிட்டிருந்தது என்பதையும் இங்கு நினைவுகூரலாம். கட்டளை இருந்தும் கண்காணிப்பு இல்லாதவிடத்து அது ஏட்டிலேயே தங்கிவிடுகின்றது.

இனி மீண்டும் புசல்லாவை வீதிக்கு வரலாம். 21-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவ்வீதி அகலமாக்கப்பட்டது. இறம்பொடை நீர்வீழ்ச்சிக்கு அருகே பாறையைக் குடைந்து 225 மீற்றர் நீளமுள்ள சுரங்கவழி ஒன்று அமைக்கப்பட்டு 2008-இல் திறக்கப்பட்டது. வீதி அழகுற்றது, பயணம் விரைவுற்றது. விரைவு இரு முனையுமுள்ள வாள். குண்டும் குழியுமாயிருந்தபோது தானாகவே மெதுவாகச் சென்ற வண்டி, வழுவழுப்பான வீதியில் வேகமெடுக்கின்றது.

2023 ஜனவரி 20-ஆம் நாள் நானுஓயாவுக்கு அருகே, கல்விச் சுற்றுலாவுக்கு வந்த மாணவரை ஏற்றிய பஸ் ஒன்று சரிவான வீதியில் வேன் ஒன்றோடும் முச்சக்கர வண்டி ஒன்றோடும் மோதியது. வேனிலும் முச்சக்கர வண்டியிலும் சென்ற எழுவர் மாண்டனர். மாணவர் பலர் காயமுற்றனர். 2025 மே 11-ஆம் நாள் அதிகாலை, கதிர்காமத்திலிருந்து குருநாகலுக்குச் சென்ற பஸ், புசல்லாவைக்கு மேலே இதே பெருவீதியில், கெரண்டிஎல்லப் பகுதியில் பள்ளத்தில் உருண்டது. இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அன்று ஞாயிற்றுக்கிழமை. மறுநாட்களில் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றிய பஸ்கள் அந்த வளைவைக் கடந்தபோது, அப்பள்ளத்தைப் பார்த்தவர் மனத்தில் என்ன எழுந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

மலைவீதியின் அபாயத்தை உணர்ந்துகொள்ள எளிய கணக்கு ஒன்று போதும். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் வரும் வாகனம் ஒரு செக்கனில் ஏறக்குறைய 14 மீற்றர் ஓடிவிடுகின்றது. குழந்தையைக் கண்டு சாரதி தடையை மிதிப்பதற்கே ஒரு செக்கன் ஆகும். அதன்பின் வண்டி நிற்பதற்கு, உலர்ந்த சமவீதியிலேயே மேலும் 14 மீற்றர் வேண்டும். ஆக 28 மீற்றர். அதே வாகனம் 30 கிலோமீற்றர் வேகத்தில் வந்தால் ஏறக்குறைய 13 மீற்றரில் நின்றுவிடும். வேகம் ஒன்றரை மடங்கைச் சற்று விஞ்சும்பொழுது மோதலின் வலிமையோ ஏறத்தாழ மூன்று மடங்காகின்றது. இஃது உலர்ந்த சமவீதிக்குரிய கணக்கு. மழையில் நனைந்த இறக்கத்தில் இத்தூரம் இன்னும் நீளும். புசல்லாவையின் வளைவுகள் பலவற்றில் எதிரே வருவதை 28 மீற்றர் தூரத்துக்குக் காண்பதே அரிது.

இறக்கத்தில் வேறொரு நுட்பமும் உண்டு. நீண்ட சரிவில் தடையையே ஓயாது மிதித்து வந்தால், உராய்வினால் அது சூடேறித் தன் பிடியை இழக்கின்றது. ஏறும்போது எந்தக் கியரோ, இறங்கும்போதும் அந்தக் கியர் என்பது அனுபவமுள்ள மலைநாட்டுச் சாரதிகள் கடைப்பிடிக்கும் நெறி. இயந்திரமே வண்டியைப் பிடித்து நிறுத்தும்படி தாழ்ந்த கியரில் இறங்குவர். ஏறிவரும் வண்டிக்கு இடம் விடுவர். வளைவுக்கு முன் ஒலியெழுப்புவர். இந்நெறி அறியாத சமவெளிச் சாரதி விடுமுறைக் காலத்தில் நுவரெலியாவுக்கு வந்து திரும்பும்போதுதான் தீங்கு பெரும்பாலும் நேர்கின்றது.

குழந்தையின் இயல்பையும் கருத வேண்டும். ஏழு வயதுக் குழந்தையின் கண்மட்டம் நின்றிருக்கும் முச்சக்கர வண்டியின் உயரத்தைக்கூட எட்டாது. வாகனம் எவ்வளவு தூரத்தில் வருகின்றது என்பதைக் காணும். எவ்வளவு வேகத்தில் வருகின்றது என்பதை மதிப்பிட அறியாது. எதிர்ப்புறத்தில் தோழன் நின்றால், அவன் ஒருவனையே காணும். இது குழந்தையின் குற்றமன்று, வளர்ச்சியின் படிநிலை. 'எத்தனை தரம் சொன்னேன்!' என்று கடிந்துகொள்ளும் பெற்றோர், சொல்லால் மட்டும் நிரப்ப இயலாத இடைவெளி அது என்பதை அறிதல் வேண்டும்.

தோட்டத்துக் குடும்பத்தின் நிலை மேலும் கடினமானது. பாடசாலை தொடங்கும் அதே காலைவேளையில்தான் தாய் மலையில் கொழுந்துக்கு நிற்க வேண்டும்; தாமதமானால் அன்றைய பேர் விழாது. ஆகவே பத்து வயது அக்காள் ஆறு வயதுத் தம்பியை அழைத்து வருகின்றாள். ஒரு குழந்தையின் உயிருக்கு மற்றொரு குழந்தை பொறுப்பாகின்றது. காலைப் பேர் பதியும் நேரத்தைப் பிள்ளைகளை விட்டு வரும் தாய்மாருக்குச் சற்றுத் தளர்த்துவது எந்தத் தோட்டத்துக்கும் பெரும் நட்டமாகாது. அன்றேல் லயத்துக்கு ஒரு பெரியவர் என முறைவைத்து, பத்துப் பிள்ளைகளை ஒருங்கே அழைத்து வந்து வீதி கடத்திவிடலாம். வேலையினின்று ஓய்வு பெற்ற பாட்டிமாரும் தாத்தாமாரும் லயந்தோறும் இருக்கின்றனர். ஜப்பானியர் செய்வதைச் செய்ய ஜப்பானியரின் செல்வம் வேண்டியதில்லை.

குடும்பங்கள் மனங்கொள்ளத்தக்க நடைமுறைகள் சில உண்டு. நடைபாதை இல்லாத வீதியில் வலது ஓரமாக நடந்தால், எதிரே வரும் வாகனம் கண்ணுக்குத் தெரியும். இடது ஓரமாக நடப்பவனுக்குப் பின்னால் வருவது தெரியாது. வலது புறம் வளைந்து மறையும் குருட்டு வளைவில் மாத்திரம், வளைவுக்கு முன்னரே மறுபுறம் மாறிக்கொள்வது நலம். சிறு குழந்தையை மழைநீர்க் கானின் பக்கமாக விட்டுப் பெரியவர் வீதியின் பக்கமாக நடக்க வேண்டும். விரலைப் பிடிப்பதிலும் மணிக்கட்டைப் பிடிப்பது மேல். பஸ்ஸினின்று இறங்கியவுடன் அதன் முன்னாலோ பின்னாலோ ஓடிக் கடத்தல் கூடாது. பஸ் அகன்று வீதி இருபுறமும் தெரியும்வரை நிற்க வேண்டும். மழைக்காலத்தில் முகத்துக்கு நேரே சாய்த்துப் பிடித்த குடை வாகனத்தை மறைத்துவிடும். பனிமூட்டத்தில் கறுப்புக் குடையும் நீலப் புத்தகப் பையும் சாரதியின் கண்ணுக்கு எட்டா. பையின் பின்னே வெண்மையோ மஞ்சளோ ஆன துணித்துண்டு ஒன்றைத் தைத்துவிட்டால் அதுவே காவலாகும்.

பாடசாலை வேனிலும் முச்சக்கர வண்டியிலும் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர், கட்டணத்தைக் கேட்பதோடு எத்தனை பிள்ளைகள் ஏற்றப்படுகின்றனர் என்பதையும் கேட்க வேண்டும். ஆறு பேருக்குரிய இடத்தில் பன்னிருவர் அமர்ந்தால், பங்கிட்டுக் குறையும் கட்டணம் உண்மையில் மலிவன்று. மிதிபலகையில் தொங்கிச் செல்லும் மாணவன் வீரனுமல்லன். அவனை அவ்வாறு ஏற்றிச் செல்லும் நடத்துனர் உபகாரியுமல்லர்.

ஆயினும் குடும்பங்களுக்கு மட்டுமே அறிவுரை கூறி அமைவது நியாயமாகாது. வீதியை அமைப்பவர் கடமை அதனினும் பெரிது. தோட்டப் பாதைகள் பெருவீதியைத் தொடும் இடங்கள் எவையென்று ஊரார் அனைவருக்கும் தெரியும். அவ்விடங்களில் வளைவுக்கு முன்னே எச்சரிக்கைப் பலகையும், வாகனத்தைத் தானாகவே மெதுவாக்கும் வேகத்தடையும், ஒரு மீற்றர் அகலமாவது உள்ள நடைபாதையும், கானின் மேல் மூடியும், பள்ளத்தின் ஓரத்தில் உறுதியான தடுப்பும் வேண்டும். ஊர்ப்புறங்களில் 50 கிலோமீற்றர் என்று சட்டம் வகுத்த வேகம் பாடசாலை வாயிலில் 30 ஆகக் குறைய வேண்டும். வீதிப் பாதுகாப்புக்கெனத் தேசிய சபை ஒன்று 1998-ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்தினால் ஏற்படுத்தப்பட்டுள்ளது. அதன் பார்வை கொழும்பு நாற்சந்திகளோடு நில்லாது, மலைநாட்டு வளைவுகளையும் எட்டுதல் வேண்டும்.

2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் கொணர்ந்த பெருமழையால் மலைநாடெங்கும் மண் சரிந்தது. வீதிகள் பல அறுபட்டன. வீதி இல்லையேல் ஊர் தீவாகிவிடும் என்பதை மக்கள் அப்பொழுது நேரிற் கண்டனர். அறுபட்ட வீதியை மீண்டும் அமைக்கும்போது, முன்பிருந்தபடியே அமைப்பதா, குழந்தைக்கும் ஓர் ஓரம் விட்டு அமைப்பதா என்னும் வினா எழுகின்றது. பழுதுபார்க்கும் காலமே பழைய பிழையைத் திருத்தும் காலமுமாகும். இடிந்த ஓரத்தைக் கட்டும்போது நடைபாதைக்கும் சேர்த்துக் கட்டுவதற்கு ஆகும் மிகைச் செலவு, பின்னொரு நாள் அதற்கெனவே மலையை வெட்டும் செலவிலும் மிகக் குறைவு.

புசல்லாவையின் வீதி முதலில் படைக்கு உரியதாயிருந்தது. பின் கோப்பிக்கு உரியதாயிற்று. அதன்பின் தேயிலைக்கும் மரக்கறிக்கும் உல்லாசப் பயணிக்கும் உரியதாயிற்று. அவ்வக் காலத்தில் எது விலைமதிப்புள்ளது எனக் கருதப்பட்டதோ, அதற்கேற்ப வீதி வெட்டப்பட்டது, அகலமாக்கப்பட்டது, குடையப்பட்டது. மன்னார்க் காட்டு வழியே நடந்து வந்தவர்களின் கொள்ளுப்பேரர்கள் இன்று புத்தகப் பையுடன் அதே மலையில் நடக்கின்றனர். கோப்பி மூட்டை பழுதின்றிச் சேர வேண்டுமென்று அன்று கவலைப்பட்ட நாடு, இப்பிள்ளைகள் பழுதின்றிச் சேர வேண்டுமென்று இன்று கவலைப்படுதல் முறையேயன்றோ? பிற்பகல் 1:30 மணிக்குப் பாடசாலை மணி அடிக்கும். வெள்ளைச் சீருடைகள் மீண்டும் வீதியோரம் நிரம்பும். அவ்வேளையில் அவ்வழியே வரும் சாரதி ஒவ்வொருவரும் தம் காலைத் தடையின்மீது வைத்திருப்பாராயின், மலைச்சரிவில் கொழுந்துக் கூடையோடு நிற்கும் தாய் அச்சமின்றித் தன் வேலையை முடித்து வீடு திரும்புவாள்.